மருமகனை பைலட் ஆக்கணும், எந்த நாட்டுக்கு அனுப்பலாம்?

14 செப்டம்பர் 2025, வந்த கேள்வி

"நாங்க பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை. அக்கா மகன் பிளஸ் டூ முடிச்சுட்டான், கணக்கும் பிசிக்ஸும் இருக்கு. பைலட் ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். கோயமுத்தூர்ல ஒரு ஏஜெண்ட் அமெரிக்கா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா மூணையும் காட்டுறார். அமெரிக்காவுக்கு எல்லாம் சேர்த்து 52 லட்சம், இந்த மாசத்துக்குள்ள மொத்தமா கட்டினா 3 லட்சம் தள்ளுபடியாம். அத்தான் தோப்பை வெச்சு லோன் எடுக்கத் தயார். எந்த நாடு நல்லதுங்க? நீங்க வேலந்தாவளம், அமெரிக்காவுல படிச்சவங்கன்னு சொன்னாங்க, அதான் கேக்கறேன்."

14 செப்டம்பர், இரவு

தள்ளுபடிக்காக ஒரு பைசா கட்டாதீங்க அண்ணா. 'இந்த மாசம் மட்டும்' தள்ளுபடி நான் படிக்கப் போன காலத்திலும் இருந்தது. எல்லா மாசமும் இருந்தது.

நாடு அப்புறம். முதலில் மெடிக்கல். நம் நாட்டு விமானத் துறை ஆணையமான டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று எடுத்து, கோப்பு எண் வந்த பிறகு பைலட் வேலைக்கு வேண்டிய கிளாஸ் 1. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பெங்களூரில் விமானப்படையின் வான்மருத்துவ நிலையத்துக்குப் போவார்கள். அங்கே ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டுவார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவே ஒரு எண். என்னோடு வரிசையில் நின்ற ஒரு பையன் நாலைந்து பக்கம் கடகடவென்று சொன்னான். அடுத்த பக்கத்தில், "ஒண்ணும் இல்லையே சார்" என்றான். அந்தப் பக்கத்தில் எண் இருந்தது. பச்சையும் சிவப்பும் தனக்குச் சரியாகப் பிரியாது என்று அன்றுதான் அவனுக்கே தெரிந்தது. அவன் அப்பா ஏற்கெனவே வெளிநாட்டுப் பள்ளிக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தார்.

கிளாஸ் 1 கைக்கு வரும்வரை ஏஜெண்ட் கூப்பிட்டால், "மெடிக்கல் வரட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

16 செப்டம்பர்

"எந்த நாடு" என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் நாடு மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, அந்தப் பள்ளியில் ஒரு மாணவனுக்கு எத்தனை விமானம். இரண்டாவது, பிடிக்காவிட்டால் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு பணத்தோடு வெளியே வரலாம். இரண்டாவதைப் பிறகு எழுதுகிறேன்.

நான் படித்தது ஃப்ளோரிடாவில், பேர் வேண்டாம். விமானம் ஒதுக்கித் தரும் டிஸ்பாட்ச் கவுன்டருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு விமானத்தின் வால் எண்ணும் வரிசையாக எழுதியிருக்கும். பறக்கிற நிலையில் இருந்தால் பக்கத்தில் பச்சைக் காந்தம், ரிப்பேர் என்றால் சிவப்பு. சேரும் முன் அவர்கள் அனுப்பிய படத்தில் விமானங்கள் வரிசை கட்டி நின்றன. பலகையில் பாதிக்கு மேல் சிவப்பு. காலையில் ஹெட்செட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பி வந்த நாட்கள் பல. அறை வாடகை மட்டும் பச்சை சிவப்பு பார்க்காமல் ஏறிக்கொண்டே இருந்தது.

ஏன் அப்படி? அமெரிக்காவில் பயிற்சிக்கும் வாடகைக்கும் விடுகிற விமானத்தை 100 மணி நேரம் பறந்ததும் கட்டாயம் பிரித்துப் பரிசோதிக்க வேண்டும். நல்ல விதி, உயிரைக் காக்கிற விதி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மாணவர்கள், ஆளுக்கு 200 மணி நேரம் என்றால் 6,000 மணி நேரம். 8 விமானம் இருந்தால் ஒவ்வொன்றும் 750 மணி நேரம் பறக்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் ஏழு முறை பரிசோதனைக்குள் போகும். மெக்கானிக் இரண்டே பேர் என்றால் வரிசை நிற்கும். மாணவர் 30 இல்லாமல் 80 என்றால்? பந்திக்கு ஐம்பது இலை போட்டுவிட்டு இருநூறு பேருக்குப் பத்திரிகை வைத்த கதைதான்.

ஆகவே "எத்தனை விமானம்" என்று கேட்காதீங்க. "நேற்று எத்தனை விமானம் பறந்தது, இன்றைக்கு எத்தனை மாணவர் சேர்க்கையில் இருக்கிறார்கள், சொந்த மெக்கானிக் எத்தனை பேர்" என்று கேளுங்கள். பதில் வர தாமதமானால் அதுவே ஒரு பதில்.

17 செப்டம்பர்

ஒரு நண்பர் எழுதுகிறார்: "200 மணி நேரமும் விமானத்தில் இல்லையே, சிமுலேட்டரும் உண்டே?" உண்டு. ஆனால் மேலே உள்ள 200 விமானத்தில் பறக்கும் நேரம்தான். சிமுலேட்டருக்கு ஒரு சிறு பங்குக்கு மேல் இடம் கிடையாது. அதோடு, யாரும் சரியாக 200ல் முடிப்பதில்லை. கணக்கு இன்னும் மோசமாகத்தான் ஆகும், நன்றி நண்பரே!

21 செப்டம்பர்

இப்போது இரண்டாவது கேள்வி.

அமெரிக்கப் பறக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் எம்-1 விசா, அதாவது தொழிற்கல்வி மாணவர் விசா. இதற்கு ஒரு குணம் உண்டு. நாட்டுக்குள் வந்து 6 மாதம் தாண்டிவிட்டால் வேறு பள்ளிக்கு மாற முடியாது, கை மீறிய காரணம் ஏதாவது இருந்தால் தவிர. என்ன படிக்க வந்தோமோ அந்தப் படிப்பையும் மாற்ற முடியாது. படிக்கும்போது வேலையும் பார்க்க முடியாது. முதல் ஆறு மாதம் தேன் நிலவுதான். முதல் கட்ட லைசென்ஸான பி.பி.எல். (தனியார் விமானி லைசென்ஸ்) வரை எல்லாரும் விழுந்து விழுந்து கவனிப்பார்கள். பலகையில் சிவப்பு அதிகமாகிற நேரத்தில் உங்கள் ஆறு மாதம் போயிருக்கும். எங்கள் செட்டில் இரண்டு பேர் ஐந்தாவது மாதத்திலேயே பெட்டியைக் கட்டி வேறு ஊருக்குப் போனார்கள். அவர்கள் படிப்பை முடித்து எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் 'பாதியில் விலகினால்' என்ற பத்தியைத் தேடி, மற்ற எதையும் விட முன்னால் அதைப் படியுங்கள். பறந்த மணிக்கு மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்களா? எத்தனை நாளுக்குள்? "கணக்கில் வரவு வைப்போம்" என்றால் அது திரும்பத் தருவது ஆகாது.

பள்ளி மூடிவிட்டால்? நடக்கும். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் என்ற பெரிய ஹெலிகாப்டர் பள்ளி ஒரே நாளில் இழுத்து மூடியது, முழுக் கட்டணத்தையும் கடன் எடுத்துக் கட்டியிருந்த மாணவர்கள் நடுத்தெருவில். 2023 ஏப்ரலில் ஸ்காட்லாந்தில், டண்டீ ஊரில், டேசைட் ஏவியேஷன் மூடியது. அது பல பத்தாண்டுகள் ஓடிய பள்ளி. பழைய பள்ளி, பெரிய பள்ளி என்பதெல்லாம் காப்பு இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் நாடு முக்கியம்தான். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் பள்ளி கிரிகோஸ் என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பள்ளி மூடினால் வேறு இடத்தில் சேர்த்துவிடவோ, பயன்படுத்தாத கட்டணத்தைத் திரும்பத் தரவோ அரசின் டியூஷன் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. நியூசிலாந்திலும் மாணவர் கட்டணத்தைத் தனியாகப் பாதுகாக்க விதி உண்டு. அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் பொதுவாக நம் பணம் நம் ஒப்பந்தத்தோடு நிற்கிறது. விலையில் நியூசிலாந்து அதிகமாகத் தெரிந்தால், அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி இதற்கான காப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

22 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்து அமெரிக்காவே வேண்டாம் என்று நான் சொல்வதாக இரண்டு பேர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லவில்லை. அங்கே பறந்த அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. சின்ன ஊரில்கூட ஓடுதளம், எரிபொருள், ராத்திரியில் மைக் பட்டனை அழுத்தினால் எரிகிற ஓடுதள விளக்கு. அமெரிக்காவுக்குப் போங்கள், தவணையில் கட்டுங்கள். அவ்வளவுதான்.

28 செப்டம்பர்

திரும்பி வந்து டி.ஜி.சி.ஏ. லைசென்ஸாக மாற்றும்போது இடிக்கும் இடங்களைக் கேட்டிருந்தீர்கள். இதுதான் நிறைய பேரை மாசக்கணக்கில் வீட்டில் உட்கார வைக்கிறது.

இங்கே சி.பி.எல்., அதாவது கமர்ஷியல் லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் பி.ஐ.சி., அதாவது நாமே பொறுப்பு விமானி. ஊர் விட்டு ஊர் போகும் பறப்பு பி.ஐ.சி.யாக 20 மணி நேரம், அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுசாக நின்று புறப்பட்டதாக இருக்க வேண்டும். ராத்திரிப் பறப்பு 5 மணி நேரம், பத்து புறப்பாடு, பத்து இறக்கம்.

இப்போது பாருங்கள். அமெரிக்காவில் '141' என்ற விதிப்படி பாடத்திட்டம் நடத்தும் பள்ளியில் 190 மணி நேரத்திலேயே கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் ஒருங்கிணைந்த பாடத்தில் 150. லைசென்ஸைக் கையில் கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு வந்தால் மணி நேரம் குறையும். இந்தியாவில் மறுபடி அதைப் பறந்து நிரப்ப என்ன செலவு, எத்தனை நாள் காத்திருப்பு என்பதை அனுபவித்தவர்களிடம் கேளுங்கள்.

அதைவிட நுணுக்கமானது பி.ஐ.சி. விவகாரம். அமெரிக்க விதிப்படி, பி.பி.எல். வாங்கிய பிறகு பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்திருந்தாலும், கட்டுப்பாட்டை நாம் மட்டுமே கையாண்டால் அந்த நேரத்தை பி.ஐ.சி. என்று எழுதலாம். இங்கே அதை இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த நேரமாகத்தான் பார்ப்பார்கள். பறந்த நேரத்தை எழுதிவைக்கும் பதிவேட்டில் 140 மணி நேரம் பி.ஐ.சி. என்று பெருமையாகக் கூட்டல் போட்டு வந்த ஒரு பையனின் புத்தகத்தை என் முன்னால்தான் சரிபார்த்தார்கள். சிவப்புப் பேனாவால் வரிவரியாக அடித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் நூறு தேறவில்லை.

பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே டி.ஜி.சி.ஏ. தேவைகளை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் மருமகனை. இன்ஸ்ட்ரக்டருக்கு நம் விதி தெரியாது, அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு மாதமும் அவனே கூட்டிப் பார்க்க வேண்டும்.

29 செப்டம்பர்

விட்டுப்போனது: இன்ஸ்ட்ரக்டர் மாறிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவில் ஏர்லைனில் சேர பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 2009ல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு 2013ல் வந்த விதி. அந்த மணி நேரத்தைச் சேர்க்கத்தான் பாதிப் பேர் இன்ஸ்ட்ரக்டர் ஆகிறார்கள். சேர்ந்ததும் போய்விடுவார்கள். புதியவர் வருவார், "எங்கே ஒரு முறை செய்து காட்டு" என்பார், போன மாதம் முடித்த பாடத்துக்கே மறுபடி மணிக்கணக்கில் காசு. இதில் அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏஜெண்ட் சொல்லும் 52 லட்சத்தில் இது இல்லை.

அந்த 52ல் வேறு என்னென்ன இல்லை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்: தேர்வாளர் கட்டணம், மறுதேர்வு, அறை வாடகை, எரிபொருள் கூடினால் யார் தலையில், பறந்த நேரத்தை எந்த மீட்டர் வைத்துக் கணக்கிடுவார்கள். ஹாப்ஸ் மீட்டர் என்றால் இன்ஜின் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஓடும். பெரிய விமான நிலையத்தில் புறப்பட வரிசையில் நிற்கிற நேரமும் நம் கணக்கில்தான். டாக்கோ மீட்டர் இன்ஜின் வேகத்தைப் பொறுத்தது, தரையில் மெதுவாகத்தான் நகரும். மணிக்கு ஒரே விலை சொல்லும் இரண்டு பள்ளிகள் உண்மையில் ஒரே விலை இல்லை.

5 அக்டோபர்

தோப்பை வைத்து லோன் எடுப்பது பற்றி. அத்தான் வில்லேஜ் ஆபீசுக்கும் பாங்குக்கும் நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் அதே நடை. பாங்குக்காரர் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடன் திரும்ப வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் சொத்தை எடுக்க பாங்குக்கு வழி தருவது 2002ன் சர்ஃபாசி சட்டம். விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது. அதனால்தான் தென்னந்தோப்பை விட கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் இருக்கிற நாலு சென்ட் கட்டடத்துக்கு மேனேஜர் முகம் மலர்கிறது. ஆதாரத்தில் (சொத்துப் பத்திரத்தில்) 'நிலம்', அதாவது நெல்வயல், என்று இருந்தால் இன்னும் சிக்கல், கேரளத்தின் 2008 நெல்வயல் சட்டம் குறுக்கே வரும். வீட்டோடு சேர்ந்த இடம் ஏதாவது இருந்தால் அதைத் தனியாகக் காட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. லோன் பணத்தை பாங்க் நேராகப் பள்ளிக்கு அனுப்பும்போது மொத்தமாக அனுப்பச் சொல்லாதீங்க. கட்டம் கட்டமாக, பி.பி.எல். முடிந்தால் இவ்வளவு, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) முடிந்தால் இவ்வளவு என்று. வட்டியும் அந்தந்தத் தவணையிலிருந்துதான் ஓடும். பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

என் அப்பா கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அம்மா கேட்டது: "இத்தனை லட்சத்துக்கு ஒரு பஸ்ஸே வாங்கி வேலந்தாவளம்–கோயமுத்தூர் ரூட்ல விட்டிருக்கலாமே?" எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. இப்போதும் சில மாதக் கடைசியில் அந்த பஸ் ஞாபகம் வருகிறது.

11 அக்டோபர்

பள்ளி பறக்கிறதா இல்லையா என்று தோப்பிலிருந்தே பார்க்கலாம். மருமகன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும்.

பள்ளியின் இன்ஸ்டாகிராம் படங்களைப் பெரிதாக்கினால் விமானத்தின் பக்கவாட்டில் பதிவு எண் தெரியும், அமெரிக்கா என்றால் என்-னில் தொடங்கும். அதை அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ.யின் பதிவேட்டில் போட்டால் விமானம் யார் பேரில், எந்த வருடம் செய்தது என்று வரும். அதே எண்ணை விமானங்களைப் பின்தொடரும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் போட்டால் அது அண்மையில் எப்போது, எவ்வளவு நேரம் பறந்தது என்று தெரியும். 2020 முதல் அமெரிக்காவின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பரப்பில் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி கட்டாயம் என்பதால் இது சாத்தியம். பத்து எண் எடுத்து இரண்டு வாரம் பார்த்தால் பள்ளியின் வெள்ளைப் பலகை உங்கள் போனில். சிலர் தங்கள் விமானத்தை மறைத்து வைத்திருப்பார்கள், அப்படியானால் நேரடியாகக் காரணம் கேளுங்கள்.

விபத்து விவரத்துக்கு, அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி.யின் தளம் எல்லாருக்கும் திறந்தது. பள்ளிக்கு ஒரு விபத்து இருந்தாலே ஓட வேண்டாம். நிறைய பறந்தால் ஓடுதளத்தில் சறுக்கியது, சக்கரம் வளைந்தது என்று ஏதாவது இருக்கும். ஒரே மாதிரியான காரணம் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் யோசியுங்கள்.

12 அக்டோபர்

மருமகன் நேற்று ராத்திரி இரண்டு மணி வரை பார்த்தானாம். ஏஜெண்ட் காட்டிய பள்ளியின் படங்களில் இருந்த பதினொரு எண்ணில் நாலு விமானம் வேறு யார் பேரிலோ விற்றுப் போயிருக்கிறது. நான் சொல்வதை விட இதுதான் அத்தானுக்கு உறைத்திருக்கும்.

19 அக்டோபர்

தமிழ் மீடியத்தில் படித்த பையன், ஆங்கிலம் தடுக்குமா என்று அக்கா கவலைப்படுகிறார் என்றீர்கள். சர்வதேச விதிப்படி ஆங்கிலத் தேர்ச்சி நிலை 4 போதும். கவிதை எழுதச் சொல்லவில்லை. பிரச்சினை வேகம்தான். முதல் வாரம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த எதுவும் எனக்குப் புரியவில்லை, என் விமானத்தின் எண்ணைத் தவிர. அதுவும் பாதி நேரம்தான். லைவ்ஏ.டி.சி. என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்க விமான நிலையங்களின் வானொலிப் பேச்சு அப்படியே வரும். எந்த ஊர்ப் பள்ளியோ அந்த ஊர் அலைவரிசையைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தீவனம் போடட்டும். ஒரு மாதத்தில் காது பழகிவிடும்.

அங்கே பழகியது இங்கே கொஞ்சம் உதறும். அங்கே காற்றழுத்தம் பாதரச அங்குலத்தில், 29.92. இங்கே ஹெக்டோபாஸ்கல், 1013. அங்கே பார்வைத் தூரம் மைல், இங்கே மீட்டர். வானொலியில் பேசும் லைசென்ஸுக்கான ஆர்.டி.ஆர். வாய்மொழித் தேர்வில் அமெரிக்கப் பாணியில் பேசினால் எதிரே இருப்பவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். 2024ல் வந்த பாரதீய வாயுயான் சட்டத்தால் அந்தத் தேர்வும் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து டி.ஜி.சி.ஏ. கைக்கு மாறிவிட்டது. பழைய புத்தகங்களை நம்பி விண்ணப்பம் போட வேண்டாம்.

டி.ஜி.சி.ஏ. எழுத்துத் தேர்வுகளைப் போவதற்கு முன்பே இங்கே எழுதிவிடுவது நல்லது. தேர்ச்சிக்கு 70 சதவீதம். மீட்டியராலஜி (வானிலை இயல்) படித்துவிட்டால் மழையைப் பார்க்கிற பார்வையே மாறும்.

20 அக்டோபர்

"இவ்வளவு வம்புக்கு இந்தியாவிலேயே படிக்கலாமே, தேசபக்தி இல்லையா?" என்று ஒருவர். தேசபக்திக்கு என்ன குறை! ரேபரேலி பக்கம் ஃபுர்சத்கஞ்சில் இக்ருவா இருக்கிறது, 1985ல் தொடங்கிய அரசுப் பயிற்சிக் கழகம், நுழைவுத் தேர்வு எழுதி இடம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி அகாடமி. சேலத்திலும் பள்ளி உண்டு. லைசென்ஸ் மாற்றும் தொல்லை இல்லை என்பது பெரிய லாபம். ஆனால் இங்கேயும் அதே பலகை, அதே சிவப்புக் காந்தம். கேள்விகள் மாறாது.

2 நவம்பர்

வானிலை பற்றிக் கேட்டவர்களுக்கு. எல்லா ஏஜெண்டும் "வருஷம் முழுக்க வெயில்" என்பார்கள். ஃப்ளோரிடாவில் கோடையில் தினமும் மத்தியானம் இடிமழை கட்டும். விடியற்காலை நேரத்துக்கு அடிதடி. அரிசோனாவில் மழை இல்லை, ஆனால் வெயிலில் காற்று லேசாகி, சின்ன செஸ்னா விமானம் மூச்சு வாங்கும். ஜோகன்னஸ்பர்க் பகுதியே கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல், அங்கும் அதே கதை. கனடாவில் குளிர்காலப் பகல் குட்டை. பிலிப்பைன்ஸில் புயல் பருவம். நியூசிலாந்தில் காற்று.

காற்று என்றால் நமக்குப் பயமில்லை. பாலக்காட்டுக் கணவாயில் பிறந்தவர்கள் நாம். ஆனி, ஆடியில் வாளையாறு பக்கம் ஸ்கூட்டர் ஓட்டியவனுக்குப் பக்கவாட்டுக் காற்றைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம் என்று என் இன்ஸ்ட்ரக்டரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் அன்றைக்கே பக்கவாட்டுக் காற்றில் இறங்கும் பயிற்சிக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது முறை சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கூட்டரில் உடம்பைக் காற்றுப் பக்கம் சாய்த்தால் போதும். விமானத்தில் ஒரு இறக்கையைக் காற்றுப் பக்கம் தாழ்த்தி, எதிர்ப்பக்கக் காலால் ரடரை, அதாவது வால் சுக்கானை, மிதித்து மூக்கை ஓடுதளத்தோடு நேராக வைக்க வேண்டும். கையும் காலும் எதிர் எதிராக வேலை செய்வதை உடம்பு முதலில் மறுக்கிறது.

3 நவம்பர்

நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரர்களின் கேள்வி வராமல் இருக்குமா, வந்துவிட்டது: கள்ளு குடித்தால் எத்தனை மணி நேரம் கழித்துப் பறக்கலாம்? அமெரிக்காவில் 8 மணி நேரம். இந்தியாவில் 12, அதோடு பறப்பதற்கு முன் ஊதிக் காட்டச் சொல்வார்கள், ஒரு துளி தெரிந்தாலும் போச்சு. மரத்திலிருந்து இறங்கிய உடனே குடித்தது, இனிப்புக் கள்ளு என்றெல்லாம் அந்த மெஷினிடம் வாதாட முடியாது.

4 நவம்பர்

ஐரோப்பா பற்றி ஒருவர். அங்கே எழுத்துத் தேர்வு மட்டும் 13 தாள். அங்கே வேலை பார்க்க உரிமை இருந்தால் யோசியுங்கள், ஊர் திரும்புகிறவனுக்கு எதற்கு? பிரிட்டன் லைசென்ஸ் ஐரோப்பிய லைசென்ஸ் இல்லை, 2021 ஜனவரியிலிருந்து பிரிந்துவிட்டது. "அமெரிக்க லைசென்ஸ் வாங்கினால் அங்கேயே வேலை" என்று உங்கள் ஏஜெண்ட் சொன்னாரென்றால், விசா எதில் போட்டுத் தருகிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

23 நவம்பர்

அண்ணா, செய்தி பார்த்தேன். கிளாஸ் 1 வந்துவிட்டதில் ரொம்ப சந்தோஷம். மருமகனுக்குச் சொல்லுங்கள், கண்ணாடி போட்டிருப்பதால் பாதிப்பில்லை, ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தவணைக்கு ஒத்துக்கொள்ளாத அந்தப் பள்ளியை அத்தானே அடித்துவிட்டார் என்பது இன்னும் நல்ல செய்தி. ஏஜெண்ட் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அவருக்குப் பள்ளியிலிருந்து கமிஷன், உங்களிடமிருந்து இல்லை. யார் காசு கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அவர் வேலை செய்வார். அதில் தப்பில்லை, நமக்குத் தெரிந்திருந்தால் சரி.

மிச்சம் இரண்டு. அமெரிக்கப் பள்ளி ஒன்று, நியூசிலாந்துப் பள்ளி ஒன்று. அமெரிக்காவில் மணி விலை குறைவு, விமானங்கள் தினமும் பறக்கின்றன என்று மருமகன் இரண்டு வாரம் பார்த்து எழுதிவைத்த நோட்டு சொல்கிறது. நியூசிலாந்தில் பணத்துக்குக் காப்பு, ஆனால் மணி நேரம் 200 தொடுமா என்று தெளிவாக எழுதித் தரவில்லை. நான் என்றால் எழுதித் தராதவரை அங்கே போக மாட்டேன். எழுதித் தந்தால் நியூசிலாந்து. இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அமெரிக்கா என்றிருப்பேன், அந்தக் கட்டணப் பாதுகாப்பு பற்றி இங்கே எழுத எழுதத்தான் எனக்கே மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது.

6 டிசம்பர்

நியூசிலாந்துக்காரர்கள் 200ம் 100 பி.ஐ.சி.யும் ஒப்பந்தத்திலேயே சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்றீர்கள். அந்த வரி இணைப்பில் இருக்கிறதா, கையெழுத்துப் போடும் பக்கத்தில் இருக்கிறதா? இணைப்பு என்றால் 'இணைப்பும் ஒப்பந்தத்தின் பகுதி' என்று முதல் பக்கத்தில் ஒரு வரி வேண்டும். விலகும் பத்தியையும் கட்டணப் பட்டியலையும் மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், முழுப் புத்தகமும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, அன்றைக்குப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அத்தான் செவ்வாய் பாங்குக்குப் போக வேண்டாம், புதன் போகட்டும்.